ஏற்றத்தில் ஒரு பெஞ்சு

ஜப்பானிய நகரம் ஒன்றில், ரயில் நிலையத்துக்கு ஏறிப்போகும் குறுகலான தெருவில் ஒரு மரப்பெஞ்சு இருந்தது. அந்தத் தெருவை இடித்து அகலமான சாலை போட்டார்கள். கடைசியாகப் பெஞ்சை அகற்ற லாரி வந்து நின்றது.

பெஞ்சின் மேல் ஒரு சாம்பல்நிறப் பூனை படுத்திருந்தது.

"இறங்கிப் போய்விடு. என்னைக் குப்பையில் போடப்போகிறார்கள்," என்றது பெஞ்சு.

"இப்போதுதான் கண்ணயர்ந்தேன். தொந்தரவு செய்யாதே," என்றது பூனை.

வேலையாட்கள் கைதட்டிப் பார்த்தார்கள். பூனை அசையவில்லை. சிரித்துக்கொண்டே அவர்கள் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, நிறைமாதக் கர்ப்பிணியான சிஸுரு காய்கறிப் பையோடு மேடேறி வந்தாள். மூச்சு வாங்கியபடி பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரும்பி வந்த மேஸ்திரியிடம், "ஐயா, இதையும் எடுத்துவிட்டால் நாங்கள் எங்கே உட்காருவது?" என்று கேட்டாள்.

மேஸ்திரி சாலையை மேலும் கீழும் பார்த்தார். வழி நெடுக உட்கார ஒரு கல்கூட இல்லை. உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டு நெடுநேரம் வாதாடினார்.

அடுத்த வாரம், புது நடைபாதையில், ஏற்றத்தின் நடுவே பெஞ்சைப் பொருத்தினார்கள்.

பூனை தேடிக்கொண்டு வந்தது.

"உன்னால்தான் பிழைத்தேன்," என்றது பெஞ்சு.

"நான் என்ன செய்தேன்? தூங்கினேன், அவ்வளவுதானே!"

"அதற்குத்தான் நன்றி. வா, ஏறிப் படுத்துக்கொள்," என்றது பெஞ்சு.