பத்துக் கூடை

“என்னங்க மிஸ், ஒரு வரிசையும் இல்லாத எண்ணா இருக்கு?” தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீரய்யா, அவள் கொண்டுவந்த எண் புத்தகத்தைப் புரட்டினார்.

“வரிசை இருக்கக் கூடாது. அறுபது கூடையில எந்தப் பத்தைத் திருப்பி நிறுக்கிறது எண்டு இந்த எண்கள்தான் சொல்லும். எனக்குப் பிடிச்ச கூடையை எடுத்தன் எண்டு நாளைக்கு நீங்கள் சொல்லக் கூடாதெல்லோ?” பதுளை அரசாங்கக் கந்தோரிலிருந்து தோட்டத்தின் தேயிலைக் கொழுந்துத் தராசைச் சோதிக்க வந்திருந்த ஜெயமலர் நிமிரவில்லை. “தொடங்கின பக்கமும் வரியும் தெரிஞ்சால், ஆர் எடுத்தாலும் அதே எண்கள்தான் வரும்.”

“ஆரு எடுத்தாலுமா?”

“ஆர் எடுத்தாலும்.”

‘பக்கம் 12, வரி 7’ என்று ஒரு துண்டில் எழுதி, புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அரைமணி நேரம் வரவில்லை. வீரய்யாவுக்குப் பத்து நிமிஷமே போதுமாக இருந்தது.

தராசு கொழுந்தைத் தின்கிறது என்று மனுவில் கைநாட்டு வைத்தவள் கொழுந்து பறிக்கும் பெரியாயி. தராசு சரி என்றாகிவிட்டால், பொய் சொன்னவள் என்று பேரை வெட்டி, பிள்ளைகளோடு லயத்து வீட்டைவிட்டு விரட்டுவார்கள். போன வருஷம் இராக்கம்மாவுக்கு அதுதான் நடந்தது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எண் போட்ட அறுபது கூடைகள். வீரய்யா ஒவ்வொன்றாகத் தோட்டத்துத் தராசில் தூக்கி எடையைக் கூவினார். கூவியதையெல்லாம் ஜெயமலர் எழுதிக்கொண்டாள்.

“பெரியாயி, மூட்டையக் கட்டிட்டியா?” வீரய்யா சிரித்தார்.

“ஏன், நீங்க சொமக்கப் போறீங்களா?” என்றாள் அவள்.

தோட்டத்துத் துரைக்கு முன்னால் ஜெயமலர் புத்தகத்தை விரித்தாள். பன்னிரண்டாம் பக்கம், ஏழாம் வரி. பத்து எண்கள், பத்துக் கூடைகள். பதுளையிலிருந்து கொண்டுவந்த தராசில் போட்டாள். ஒரு றாத்தல்கூட வித்தியாசம் இல்லை.

பெரியாயி தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டாள்.

“தராசு சரி,” என்றார் துரை. “இவ பேர வெட்டு.”

“பொறுங்கோ. மிச்சம் அம்பதையும் இந்தத் தராசிலயே தூக்குங்கோ.”

வீரய்யாவின் சிரிப்பு அணைந்தது. முதல் கூடையில் மூன்று றாத்தல் குறைத்துக் கூவியிருந்தார். அடுத்ததில் நான்கு. ஐம்பதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

“ஸ்பிரிங்கு மக்கிப் போச்சுங்க துரை! நான் என்னங்க பண்ணுவேன்? தராசுதாங்க பழுது!”

“பழைய தராசு,” துரை தோளைக் குலுக்கினார். “புதுசு வாங்குறது. யார் மேலயும் குத்தம் இல்ல.”

பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இதே பதில்தான் கந்தோருக்கு வந்திருந்தது. இந்த ஒரு பதிலை அடைப்பதற்காகத்தான் ஜெயமலர் காலையில் அரைமணி நேரம் கை கழுவினாள்.

“பழுதான தராசுக்கு, நான் எந்தப் பத்தைத் தூக்குவன் எண்டு எப்பிடித் துரை தெரியும்?”