கேப்டன் மயிலாத்தா

அந்த விண்வெளிப் படத்தில் கேப்டன் சாகும் கட்டத்துக்கு முப்பது வருடமாக அழுதுவருபவர் ஈரோட்டு செங்கோட்டுவேலு. இப்போது அதைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு டிக்கெட்டைக் குலுக்கியெடுத்து, அந்த டிக்கெட்டுக்காரரையே கம்ப்யூட்டரில் கேப்டனாக்கிவிடுவார்கள். முகத்தோடு குணமும் திரைக்குப் போய்விடும். அன்று குலுக்கலில் விழுந்தது அவர் மனைவி, ஜவுளிக்கடை மயிலாத்தா.

"என்ற கேப்டனைக் கெடுத்துப்போட்டாங்க" என்று எழுந்தவரை, "நான் சாகறதைப் பாக்காமயா போறீங்க? உக்காருங்க" என்று இழுத்து உட்கார வைத்தாள்.

கடைசிக் கட்டம் வந்தது. ஊர் திரும்ப எரிபொருள் வேண்டுமானால் கேப்டனின் உயிரைக் கொடு என்றான் வேற்றுக்கிரக மன்னன். பழைய கேப்டன் இங்கேதான் நெஞ்சை நிமிர்த்திக் கொடுப்பார். செங்கோட்டுவேலு கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

"கட்டுபடியாகாதுங்க. வேற கிரகத்துல பாத்துக்கறோம்" என்று திரையில் மயிலாத்தா திரும்பி நடந்தாள்.

எத்தனையோ மொத்த வியாபாரிகளைச் சாய்த்த நடை அது. "இப்பக் கூப்புடுவான் பாருங்க" என்றார் செங்கோட்டுவேலு, பக்கத்து சீட்டுக்காரரிடம்.

"அட, நில்லும்மா" என்றான் மன்னன்.

இரண்டு ஜமக்காளத்துக்குப் பேரம் முடிந்தது. விசிலில் கொட்டகை அதிர்ந்தது. செங்கோட்டுவேலு இந்த முறையும் அழுதார், சிரித்துக்கொண்டே.

மயிலாத்தாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ஒண்ணுலயே முடிச்சிருக்கோணுங்க. அவசரப்பட்டுப்போட்டேன்."