சவுக்குத் தோப்பில் இருபது நிமிடம்

டீசல் திருடனைப் பிடிக்க வந்த காத்தவராயன், சவுக்கு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று கொசுவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று முழங்கால் வேறு கேட்டது.

சிங்கப்பெருமாள் கோயில் பார்சல் கிடங்கில் அவர் போக்குவரத்து சூப்பர்வைசர். பதினோரு வருஷம் இதே செய்யூர் ரூட்டில் வண்டி ஓட்டிவிட்டு, எட்டு வருஷத்துக்கு முன்பு மேஜைக்கு வந்தவர். அவர் ஓட்டிய பழைய வேன் இந்தத் தோப்பைக் கண்டாலே ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கும். எதிரே அடிபம்பில் தண்ணீர் பிடித்து ஊற்றி, ஆறவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். அந்தச் சனியனை எடைக்குப் போட்டே ஏழு வருஷம் ஆயிற்று.

டிரைவர்களிடம் அவர் படு கறார். ரூட் சீட்டில் இருப்பதை மாற்றினால் அன்றே வேலை காலி என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார்.

போன வருஷம் வண்டிகளில் ஜிபிஎஸ் மாட்டினார்கள், வந்தது வினை. செய்யூர் வண்டி தினமும் இந்தத் தோப்பில் இருபது நிமிடம் நிற்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. டீசல் உருவுகிறார்கள், வேறென்ன? காரணம் கேட்டால் கதை அளப்பார்கள் என்று, அப்போதைய டிரைவர் ஜெபகுமாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார். அடுத்து வந்த பாலாவும் அங்கேயே நிறுத்தினான், அவனும் போனான். இப்போதைய டிரைவர் எழில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. அவனுக்கும் அதே தோப்பு, அதே இருபது நிமிடம்.

மேனேஜர் நரசிம்மன் அலுத்துப்போய்விட்டார். இந்த முறை ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், தான் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி காத்தவராயனுக்குத்தான் என்று நேற்று சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷ உழைப்புக்கு அது ஒன்றுதான் பாக்கி.

வண்டி வந்து நின்றது. எழில் இறங்கினான். டீசல் டேங்க் பக்கமே போகவில்லை; கேனும் இல்லை, டியூபும் இல்லை, வாங்க வந்த ஆளும் இல்லை. ரோட்டோரம் நின்று மணி பார்த்தான், கொட்டாவி விட்டான், மறுபடி மணி பார்த்தான்.

பொறுமை போய், காத்தவராயன் வெளியே வந்தார்.

“இன்னாடா பண்ணிகினு கீற இங்க?”

எழில் பதறவே இல்லை. “இன்னும் ஏழு நிமிஷம் கீது சார்.”

“எதுக்குடா ஏழு நிமிஷம்?”

“தெர்ல சார். சீட்டுல போட்டுகீதே.”

வண்டிக்குள்ளிருந்து, லேமினேட் செய்த பழைய ரூட் சீட்டை எடுத்து நீட்டினான். மதுராந்தகத்துக்கும் செய்யூருக்கும் நடுவே பேனாவால் எழுதியிருந்தது: ‘சவுக்குத் தோப்பு. 20 நிமிடம் கட்டாயம் நிறுத்தவும்.’

எழுத்து அவருடையது. சூப்பர்வைசரான முதல் வாரம், கொதிக்கிற வேனை நினைத்து அடுத்த டிரைவருக்காக அவர் எழுதிக் கொடுத்த சீட்டு. வேன் எடைக்குப் போய்விட்டது. சீட்டு மட்டும் புது வண்டிக்கு ஏறிவிட்டது.

ஜெபகுமார் சாவியை மேஜையில் வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தது ஞாபகம் வந்தது. கை காட்டி அவனை அடக்கியதும் ஞாபகம் வந்தது. பாவி, அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

போன் அடித்தது. நரசிம்மன்தான்.

“இன்னாய்யா, ஆளு சிக்கினானா?”

காத்தவராயன் வண்டிமேல் சாய்ந்துகொண்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, சீட்டைத் தான் வந்த பைக்கின் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழில் இன்னும் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சிக்கிட்டான் சார். காத்தவராயன்னு பேரு.”