குளிர் ஆகாதவன்

"மறுபடியும் ஏசியை நிறுத்திட்டியா?" என்று மேலாளர் கத்துவதும், "எனக்குக் குளிர் ஆகாது சார்" என்று பக்கத்து மேசைக்காரன் குழைவதும் அவள் நினைவுக்கு வந்தன. அலுவலகமே அவனைப் 'போர்வை' என்று கேலி செய்தது. குளிர் ஆகாத அவள் மட்டும் மனதுக்குள் நன்றி சொல்வாள்.

கால் சுளுக்கி விடுப்பில் இருந்தவனை இன்று பார்க்கப் போனால், அறை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது!

"ஏசி இல்லேன்னா இவனுக்குத் தூக்கமே வராதும்மா" என்று சிரித்துவிட்டு அவன் அம்மா உள்ளே போனாள்.

அவன் திருதிருவென விழித்தபடி ஏசியை அணைத்தான். "குளிர்ல உங்க விரல் நீலமாகுதே... கேட்டா சங்கடப்படுவீங்கன்னுதான்..."

அவள் நெஞ்சு துள்ளியது. விலகிவிடுவானோ என்று மறைத்ததைச் சொல்லிவிட்டாள். "ஸ்க்ளீரோடெர்மா. என்னைக் காக்க வேண்டிய எதிர்ப்புசக்தியே என்னைத் தாக்குது. தோல் இறுகும், குளிர்ல விரலுக்கு ரத்தம் சரியா ஓடாது. யாருக்கும் தொத்தாது, என்னை விட்டும் போகாது. மருந்தாலதான் கட்டுக்குள்ள இருக்கு."

"சரி. இப்பவும் குளிருதா?"

"ரொம்ப." இத்தனை நாள் தொண்டையிலேயே நின்றது வெளியே வந்தது. "கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்களேன்."