ஆறில் ஐந்து

நான்காம் நாள் மாலை நான் உள்ளே நுழைந்ததும் நிதானம் இன்குபேட்டரின் கதவைச் சட்டென்று சாத்தினாள்.

கை நடுங்காதவள் என்பதால் அவளுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். அன்று அவள் விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன்.

கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் நாங்கள் இருவர்தான் பயிற்சியில் இருந்தோம். சிகிச்சைக்கு உதவாதென்று ஒதுக்கிய கருமுட்டைகளில் தினமும் ஆளுக்கு ஆறு தருவார்கள். முடியைவிட மெல்லிய ஊசியை ஒவ்வொன்றுக்குள்ளும் செலுத்தி, முட்டை உடையாமல் வெளியே எடுக்க வேண்டும். தட்டில் பெயர் ஒட்டி, உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரில் வைத்துவிடுவோம். மறுநாள் காலை எத்தனை உயிரோடு இருக்கிறதோ, அதுதான் மதிப்பெண்.

வாரக் கடைசியில் பாதியாவது தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் இரண்டு நாள் எனக்கு ஆறில் ஒன்றுதான் தேறியது. மூன்றாம் நாள் ஐந்து. நான்காம் நாளும் ஐந்து. ஒருவழியாகக் கை வந்துவிட்டது.

அவளுக்கோ ஆறிலிருந்து மளமளவென்று ஒன்றுக்கு இறங்கியது.

மூன்றாம் நாளிலிருந்துதான் அவளுக்கு என்மேல் திடீர்ப் பாசம். கேட்காமலே டீ வாங்கி வந்தாள். "நீ கெளம்பு, நான் மூடிட்டு வரேன்" என்று தினமும் என்னை முதலில் அனுப்பி வைத்தாள்.

அவள் சட்டென்று சாத்திய கதவு நினைவுக்கு வந்ததும், என் தட்டில் கை வைக்கிறாளோ என்று சுருக்கென்றது.

ஐந்தாம் நாள், என் தட்டின் அடியில் குண்டூசியால் ஒரு கீறல் போட்டு வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய்ப் பார்த்தேன். கீறல் போட்ட தட்டில் அவள் பெயர் ஒட்டியிருந்தது.

நேராகத் தலைமை ஆய்வாளரிடம் போனேன்.

அவர் சத்தம் போடவில்லை. நிதானத்தை அழைத்து, "பேரை மாத்துனது நீதானே?" என்று மட்டும் கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

"இன்னைக்கு வெறும் முட்டை. நாளைக்கு ஒருத்தியோட கருவை இன்னொருத்திக்கு வெச்சுட்டா?" என்றார் தலைமை ஆய்வாளர்.

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"ஊசிய ரொம்ப இறுக்கிப் பிடிக்கிற. கொஞ்சம் லேசா விடு, தானா வந்துடும்."

மாட்டிக்கொண்ட பிறகும் திமிரைப் பார் என்று நினைத்தேன்.

தலைமை ஆய்வாளர் கீறல் போட்ட தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் குனிந்தார்.

"இது நீ பண்ணதுதானே?"

"ஆமா மேடம்."

"அஞ்சு உடைஞ்சிருக்கு. ஒண்ணுதான் மிச்சம்."

என் பெயர் ஒட்டியிருந்த மற்றத் தட்டை எடுத்து வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ஆறும் நல்லா இருக்கு."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல், மதிப்பெண் பதிவேட்டை எடுத்து மூன்றாம் நாளின் பக்கத்துக்குத் திருப்பி, என் பெயருக்கு நேரே இருந்த ஐந்தின்மேல் விரலை வைத்தார்.