இரண்டாவது நட்சத்திரம்

கழித்துப் பார்த்தாள். ஒன்று வந்தது.

மறுபடி கழித்தாள்.

ஒன்று.

திரையில் அந்தக் கட்டத்தில் எண் இல்லை. நட்சத்திரக்குறிதான் இருந்தது. பத்துக்குக் குறைவான எந்த எண்ணையும் மென்பொருள் தானாகவே நட்சத்திரமாக்கிவிடும். நோயாளி யாரென்று எவரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. மேல் மூலையில் பச்சை எழுத்து: வெளியிடலாம்.

ஆனால் மென்பொருள் ஒரு நேரத்தில் ஓர் அட்டவணையைத்தான் பார்க்கும். பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்ட அதே ஆய்வாளருக்குப் போன மாதம் எதை அனுப்பினோம் என்று எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஆள் வேலை.

ஆறு வருடமாக அவள் வேலை.

போன மாதம் மொத்தம் மட்டும் போயிருந்தது. இருபத்தேழு.

இன்று தாலுகாவாரியாக. பதினான்கு. பன்னிரண்டு. நட்சத்திரம்.

தொழுநோய்க்குச் சொந்த மாவட்டத்தை விட்டு வெளியூர் போய் மருந்து வாங்கியவர்கள். ஆண்டு 1998. ஆண். ஆசிரியர்.

மூன்றாவது தாலுகா அவள் பிறந்து வளர்ந்தது.

அந்த வருடம் அவளுக்கு ஏழு வயது.

இரண்டாம் சனிக்கிழமை தவறாமல் அப்பா முதல் பஸ்ஸைப் பிடிப்பார். ஆசிரியர் சங்கக் கூட்டம். அந்த வருடம்தான் அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. வெயில் என்றார். தொழுநோய் மருந்து தோலைக் கறுக்கவைக்கும் என்று அன்று அவளுக்குத் தெரியாது. தனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் ஒதுக்கிக்கொண்டார். அவள் மடியில் ஏற வந்தால் எழுந்து நின்றுவிடுவார்.

அம்மா மாதாமாதம் வேட்டியை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அம்மா சாகும்வரை அது சங்கக் கூட்டம்தான்.

அடுத்த வருடம் அந்தப் பயணங்கள் நின்றன. அப்பாவே மடியைத் தட்டிக் கூப்பிட்டார்.

அவள் போகவில்லை.

அதற்குப் பிறகும் போகவில்லை.

"ஏய், மெஷினே ஓகே சொல்லிடுச்சு. நீ இன்னும் என்னத்தப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்க?" பக்கத்து மேசை ஜெசிந்தா எழுந்து தேநீர் வாங்கப் போனாள்.

ஒரு நட்சத்திரம் தனியாக நின்று எதையும் மறைக்காது. கழிக்கத் தெரிந்த யாரும் அதைத் திறந்துவிடலாம். துணைக்கு இன்னொன்று வேண்டும்.

பன்னிரண்டை அழித்தாள். அந்த இடத்தில் இரண்டாவது நட்சத்திரத்தை வைத்தாள்.

இனி யாராலும் முடியாது.

கடைசியில் வழக்கமான கேள்வி வந்து நின்றது.

இந்தத் தரவில் உள்ள எவரையேனும் உங்களுக்குத் தெரியுமா?

ஆம் என்றால் கோப்பு ஜெசிந்தாவுக்குப் போகும். காரணம் எழுத வேண்டும். அதை மூன்று பேர் படிப்பார்கள்.

ஆறு வருடத்தில் இந்த இடத்தில் அவள் பொய் சொன்னதில்லை.

இல்லை என்பதை அழுத்தினாள்.

ஒரு மணிக்குக் கைபேசி அதிர்ந்தது. தினமும் ஒரு மணிக்கு அப்பா. தினமும் ஒரே கேள்வி.

"சாப்ட்டியாம்மா?"

ஆச்சு என்று சொல்லி வைத்துவிடுவது அவள் வழக்கம்.

"அப்பா."

"சொல்லும்மா."

"அப்பல்லாம் ரெண்டாம் சனிக்கிழமை ஆனா சங்கக் கூட்டத்துக்குப் போவீங்களே..."

வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம்.

"ஆமா." குரல் உள்ளே போயிருந்தது. "ஏம்மா, இப்ப எதுக்குக் கேக்குற?"

ஜெசிந்தா தேநீரை நீட்டிக்கொண்டு நின்றாள். ஜெசிந்தாவின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.

"ஒண்ணுமில்லப்பா. இங்க ஜெசிந்தான்னு ஒருத்தி. அவ அப்பாவும் வாத்தியாராம். அவரும் மாசாமாசம் முதல் பஸ்ஸப் புடிச்சு சங்கக் கூட்டத்துக்குப் போவாராம். சொல்லிக்கிட்டு இருந்தா. அதான்."

ஜெசிந்தாவின் புருவம் உயர்ந்தது. டம்ளரை மேசையில் வைத்தாள்.

மின்விசிறி.

"ஓ" என்றார் அப்பா. ஒரு மூச்சு விட்டார். "ஆமாம்மா. அப்பல்லாம் நெறையப் பேரு போவோம்."

"ம்."



இருவரும் போனை வைக்கவில்லை.