பச்சைப் புள்ளி

பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி பூட்டினதற்காக, ஒருத்திக்கு மூன்று நாளாய்ச் சோறு இறங்காமல் போகுமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

நாரந்தனை ஜசிந்தாவுக்கு அப்படித்தான் போனது.

அது காற்றை அளக்கிற பெட்டி. யாழ்ப்பாண நகரத்தில் எந்தச் சந்தியில் காற்று எவ்வளவு அழுக்கு என்று பல்கலைக்கழகக் கம்பஸ் பிள்ளைகள் வரைபடத்தில் நிறம் நிறமாய்ப் புள்ளி போடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நாரந்தனை போன்ற தீவுப் பக்கத்துச் சுத்தக் காற்றும் வேண்டுமாம். அதற்குக் கஜானி என்ற பிள்ளை தேடிப் பிடித்தது அடுத்த வீட்டு அஜந்தாவின் சுவரை.

"பஸ் ஸ்ராண்டுக்குச் சிவப்பாம். அவவின்ர வீட்டுக்குப் பச்சையாம். கனடாவில இருக்கிற சனமெல்லாம் போனில பாத்துப்போட்டு அவவுக்குக் கோல் எடுக்குதுகள்" என்றாள் ஜசிந்தா.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த புருசன் சில்வெஸ்ரர் நிமிரவில்லை. "எடுக்கட்டுமன். உமக்கென்ன?"

"காத்து என்ன அவவின்ர வேலிக்கு அங்கால மட்டுமோ வீசுது?"

"இஞ்சாலயும் வீசுதுதான். ஆனா இஞ்சை வந்தாக் கருவாட்டு மணமெல்லோ பிடிச்சிடும்."

ஜசிந்தா சிரிக்கவில்லை. மகள் நிலக்சனாவைக் கூப்பிட்டு, அஜந்தாவின் மகளோடு விளையாட இனி அந்த வீட்டுப் படலையை மிதிக்கக் கூடாது என்றாள்.

அடுத்த நாள் நாலு மணி.

"மேரிறோஸ் மாமி வீட்டை போய் விளையாடு. புகைக்குள்ள நிக்கக் கூடாது" என்று மகளை அனுப்பிவிட்டு, வேலியோரம் பனையின் காய்ந்த கங்குமட்டையைக் குவித்தாள். அதற்கு மேலே கிழிந்த நைலோன் வலைத் துண்டுகள். நெருப்பு வைத்தாள்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும் அவள் பக்கம் நின்றது. கறுத்த புகை வேலியைத் தாண்டி நேரே அஜந்தா வீட்டுக்குள் போனது.

ஜசிந்தா போனில் அஜந்தா வீட்டுப் புள்ளியைப் பார்த்தாள். பச்சை மஞ்சளானது. மஞ்சள் செம்மஞ்சளானது. பிறகு நல்ல சிவப்பு.

அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

ஒரு கிழமையாய் இதே வேலை. ஒருநாள் புள்ளி சிவப்பையும் தாண்டி ஊதாவுக்கே போய்விட்டது.

"பஸ் ஸ்ராண்டும் தோத்துப்போச்சு" என்றாள் புருசனிடம்.

"கிழிஞ்ச வலை முடிஞ்சுதெண்டு நல்ல வலையில கை வைச்சிடாதையும்" என்றான் அவன்.

எட்டாம் நாள் காலை கஜானி ஸ்கூட்டியில் வந்தாள். ஜசிந்தா வேலியில் காதை வைத்தாள்.

"அக்கா, ஒவ்வொரு நாளும் சரியா நாலு மணிக்கு ஏறுது. வரைபடத்தில நாரந்தனை யாழ்ப்பாண ரவுணை விட மோசமாக் கிடக்கு. ஆர் எரிக்கினம்?"

ஜசிந்தா வேலிக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"நான்தான் பிள்ளை" என்றாள் அஜந்தா. "குப்பை கூட்டி எரிக்கிறனான். பழகிப்போச்சு, விட ஏலாது."

"அப்ப பெட்டியை இஞ்சை வைச்சிருக்கேலாதேக்கா."

"கழட்டிக்கொண்டு போங்கோ. புளியங்கூடல் பக்கம் ஆரின்ரயும் வீட்டில பூட்டுங்கோ."

பெட்டி ஸ்கூட்டியில் ஏறிப் போனது. அஜந்தா ஏன் பழியைத் தன் தலையில் போட்டாள் என்று ஜசிந்தாவுக்கு விளங்கவில்லை. விளங்கி என்ன? சூத்தைப் பல்லைப் பிடுங்கி எறிந்ததுபோல் ஒரு சுகம். விளக்குமாற்றை எடுத்து முற்றம் கூட்டத் தொடங்கினாள்.

படலையைத் திறந்துகொண்டு அஜந்தா வந்தாள்.

ஜசிந்தா முகத்தைக் கவலையாய் வைத்துக்கொண்டாள். "என்னக்கா, பெட்டியைக் கழட்டிப்போட்டினமே? சீ, பாவம்."

"நான்தான் கழட்டச் சொன்னனான். அது சுவரில இருக்குமட்டும் நீர் எரிக்கிறதை விடமாட்டீர்."

விளக்குமாறு அப்படியே நின்றது.

"நான் சண்டைக்கு வரேல்லை, ஜசிந்தா. உம்மட நிலக்சனா மாமி வீட்டை போறேல்லை. நாலு மணிக்குப் பின்பக்கத்தால வந்து, என்ர விறாந்தையில என்ர மகளோடதான் விளையாடுறவள். அம்மாட்டைச் சொல்லாதேங்கோ எண்டு கெஞ்சினவள், அதுதான் நானும் வாய் திறக்கேல்லை. நேற்று இருமி இருமி உம்மட பிள்ளைக்கு மூச்சு இழுத்துப்போட்டுது."

அஜந்தா குரலைத் தாழ்த்தினாள்.

"இனியும் எரிக்கிறதெண்டால், நெருப்பு வைக்க முதல் ஒருக்கா வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம்."